வான்படை வீரர் இந்திரலால் ராய்

ஒருவர் வாழ்ந்த ஆண்டுகளை எண்ணி அவருடைய வாழ்வை அளத்தல் உலக வழக்கு. அறுபது கண்டார், எண்பது கண்டார் என்று மகிழ்கின்றோம். மணிவிழாவும் முத்துவிழாவும் எடுக்கின்றோம். ஆயின் சிலருடைய வாழ்வு இந்த அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. பத்தொன்பது ஆண்டுகளும் ஏழு திங்களுமே இவ்வுலகில் வாழ்ந்து, அவற்றுள்ளும் இரண்டே வாரங்களில் தம் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்திச் சென்ற ஓர் இளைஞருடைய கதையை, நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எழுத முற்படுகின்றோம். அவர் தமிழர் அல்லர், வங்கத்துச் செல்வர். பம்பாயில் வாழ்ந்தவரும் அல்லர். கல்கத்தாவிற் பிறந்து, இலண்டனில் வளர்ந்து, பிரெஞ்சு மண்ணிற் புதைந்தவர். எனினும், பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மனோர்க்கு அவர் வாழ்வு அயலானது அன்று. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வளரும் நம் சிறுவர் சிறுமியர் அறிந்திருக்க வேண்டிய வாழ்வு அது.

அவ்வீரரின் பெயர் இந்திரலால் ராய். முதல் உலகப் பெரும்போரில் வானிற் பொருது, பகைவர் விமானங்களைப் பத்து முறை வென்ற இந்தியர் அவர்.

குடியும் பிறப்பும்

இந்திரலால் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் பியாரிலால் ராய் கல்கத்தாவில் புகழ்பெற்ற பாரிஸ்டர். இன்று வங்க தேசத்தில் உள்ள பாரிசால் மாவட்டத்து லக்குட்டியா ஜமீன் குடும்பம் அவருடையது. தாய்வழிப் பாட்டனார் சூரியகுமார் சக்கரவர்த்தி, மேனாட்டு மருத்துவத்தை முறையாகப் பயின்ற முதல் இந்தியர்களுள் ஒருவர். கடல் கடந்தால் குலம் கெடும் என்று பெரியோர் அஞ்சிய காலத்தில், கடல் கடந்து சென்று கல்வி பெற்ற பரம்பரை அது.

தாயார் லலிதா ராய் அம்மையாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். பிள்ளைகளின் கல்வியின் பொருட்டு அவர் இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியிற் குடியேறினார். குடியேறியவர் வீட்டுக்குள் அடங்கி இருந்துவிடவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று ஆங்கில மாதர் கிளர்ச்சி செய்த நாட்களில், 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் இலண்டன் வீதிகளில் நடந்த பேரணியில், சேலை உடுத்திய இந்திய மாதர் ஒரு குழுவாக அணிவகுத்துச் சென்றனர். அக்குழுவை அமைத்தோருள் லலிதா அம்மையார் முன் நின்றவர். அன்று இந்திரலாலுக்கு வயது பன்னிரண்டு. அயல்நாட்டில் அடங்கி ஒடுங்கி வாழ்தல் வேண்டும் என்னும் பாடத்தை அவர் தம் இல்லத்திற் கற்றிருக்க வழியில்லை.

உடன்பிறந்தார் பரேஷ்லால் ராய் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் குத்துச்சண்டை வீரராக விளங்கி, பின்னர்த் தாயகம் திரும்பி, இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று போற்றப்பெற்றார். தாயும் மக்களுமாக, அஞ்சாமையையே சீதனமாகப் பெற்ற குடும்பம் என்பதை இவற்றால் அறிகின்றோம்.

கல்வியும் கனவும்

இந்திரலால் இலண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியில் இருந்த புனித பவுல் பள்ளியிற் பயின்றார். 1914இல் போர் மூண்டபோது அவர் பள்ளி மாணவர். பள்ளியின் மாணவர் படையிற் சேர்ந்து பயிற்சி பெற்றதோடு நில்லாமல், பதுங்குகுழியிலிருந்து குண்டெறியும் சிறு பீரங்கி ஒன்றைத் தாமே வரைந்து, அவ்வரைபடத்தைப் போர் அமைச்சின் அலுவலகத்துக்கு அனுப்பினார் என்று அறிகின்றோம். வரைதலில் அவருக்கு இயற்கையாகவே கை வந்திருந்தது. பின்னாளிலும் அவர் விமானங்களைப் பலவாறாக வரைந்தார். அவற்றுட் பல அழியாமல் இன்றும் இருக்கின்றன.

நாட்டுக்கு நாடு பகை கொண்டு பொருத அப்போரின் ஓசை நம் தமிழகத்துக்கும் எட்டியது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. அந்தக் கப்பலின் பெயர் நம் பேச்சுமொழியிலே புகுந்து, எவர்க்கும் பிடிகொடாத கெட்டிக்காரரைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டதை நம் பாட்டிமார் வாயிலாக நாம் அறிவோம். சென்னையில் அந்தத் தீ எரிந்த அதே ஆண்டில், இலண்டனில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் வானத்தை நோக்கியிருந்தான்.

விமானம் அந்நாளில் புத்தம் புதிய பொருள். அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தது 1903இல். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஓட்டல் முதலாளி தாஞ்சலிஸ் என்பவர் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டு மக்களை வியப்பில் ஆழ்த்தியது 1910இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின்னரே இந்திரலால் விமானப்படையின் கதவைத் தட்டினார்.

கண்ணால் வந்த தடை

தட்டிய கதவு உடனே திறக்கவில்லை. கண்பார்வையிற் குறை உள்ளது என்று மருத்துவர்கள் அவரைத் தள்ளிவிட்டனர். வானிற் பறப்பவனுக்குக் கண்ணே முதற்படை. தொலைவில் ஒரு புள்ளியாகத் தோன்றுவது நண்பனா பகைவனா என்று ஒரு நொடியில் அறியாதவன் மறுநொடியில் உயிரோடு இருப்பதரிது. ஆகவே மருத்துவர் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை.

வேறொருவர் ஆயின் விதி என்று வீடு திரும்பியிருப்பார். இந்திரலால் செய்தது வேறு. தம்மிடம் இருந்த மோட்டார் சைக்கிளை விற்றார். வந்த பணத்தைக் கொண்டு, நாட்டின் முன்னணிக் கண் மருத்துவர் ஒருவரிடம் சென்று தம் கண்களை மீண்டும் பரிசோதித்துக்கொண்டார். அவர் அளித்த சான்றின் வலிமையால் முன்னைய தீர்ப்பு மாற்றப்பெற்றது. பதினெட்டு வயது இளைஞனுக்கு மோட்டார் சைக்கிள் எத்துணை அருமையான உடைமை என்பதைப் பிள்ளை பெற்றோர் அறிவர். அதை விற்றுத் தம் வாழ்வின் வழியை அவர் வாங்கினார்.

1917 ஏப்ரலில் அரச விமானப்படைப் பிரிவிற் சேர்ந்தார். ஜூலை 5ஆம் நாள் இரண்டாம் லெப்டினன்ட் பதவி பெற்றார். இப்பதவியின் அருமையை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். அந்நாளைய இந்தியப் படையில், மருத்துவத் துறையினர் முதலிய மிகச் சிலர் நீங்கலாக, இந்தியர் எவரும் ஆங்கில அதிகாரிக்கு நிகரான அரசாணைப் பதவியைப் பெறுதல் இயலாது. எத்துணை ஆண்டுகள் உழைத்த இந்திய சுபேதாரும், நேற்று வந்த ஆங்கில லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்டவரே. காலாட்படையிலும் குதிரைப்படையிலும் ஒன்பது இந்தியர்க்கு அப்பதவி வழங்கப்பெற்றது 1917 ஆகஸ்டு மாதத்தில்தான். அதற்குச் சில வாரங்கள் முன்னரே விமானப்படை இந்திரலாலை அதிகாரியாக ஏற்றுக்கொண்டிருந்தது. ஆள் பற்றாக்குறை ஒரு காரணமாக இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும் கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே நுழையத் தகுதியுள்ளவர் ஆயத்தமாக இருந்தார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

பிரான்சில் வாந்தோம் என்னும் இடத்திலும், ஸ்காட்லாந்தில் டர்ன்பெரி என்னும் இடத்திலும் பறத்தலும் சுடுதலும் பயின்று, 1917 அக்டோபர் இறுதியில் 56ஆம் விமானப்படைப் பிரிவில் இந்திரலால் சேர்ந்தார். ஆல்பர்ட் பால், ஜேம்ஸ் மெக்கடன் முதலிய பெருவீரர்களாற் புகழ் பெற்ற பிரிவு அது. அத்தகையோர் நடுவே புதியவராக வந்த இளைஞருக்குத் தொடக்கம் நல்லதாக அமையவில்லை. டிசம்பர் 6ஆம் நாள் அவர் ஓட்டிய விமானம் தரையில் மோதி நொறுங்கியது, அவர் படுகாயமுற்றார்.

இவ்விபத்தைப் பற்றி ஒரு கதை வழிவழியாக வழங்குகின்றது. இறந்துவிட்டார் என்றே கருதி அவரைப் பிணவறையிற் கிடத்திவிட்டனர் என்றும், நினைவு தெளிந்து எழுந்து அவர் கதவைத் தட்டவே, காவலிருந்தவர் நடுங்கிப்போனார் என்றும் கூறுவர். வீரர்களைச் சூழ்ந்து இத்தகைய கதைகள் வளர்வது இயல்பு. ஐயத்துக்கு இடமில்லாத செய்தி இது: அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றார், பறப்பதற்கு உடல் தகுதியற்றவர் என்று மருத்துவர்கள் தீர்ப்பளித்தனர்.

இந்த இடத்தில் நாம் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் தகும். போர்க்களத்தை மிதித்தாயிற்று, காயமும் பட்டாயிற்று. எஞ்சிய நாட்களைப் பின்னணியிற் கழித்திருந்தால் எவரும் பழித்திரார். இந்திரலால் நோய்ப் படுக்கையிலும் விமானங்களையே வரைந்துகொண்டிருந்தார். உடல் தேறியதும், மீண்டும் பறக்க இசைவு வேண்டும் என்று விடாது முயன்று, மருத்துவர்களை இரண்டாம் முறையும் இணங்கச் செய்தார். 1918 ஜூன் மாதத்தில் 40ஆம் பிரிவிற் சேர்ந்து மீண்டும் பிரான்சு சென்றார். அதற்குள், ஏப்ரல் முதல் நாளன்று, தரைப்படையின் விமானப் பிரிவும் கடற்படையின் விமானப் பிரிவும் இணைக்கப்பெற்று அரச விமானப்படை என்னும் தனிப்படை உருவாகியிருந்தது.

அங்கே அவருக்கு வாய்த்த தலைவர் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்னும் அயர்லாந்து வீரர். நாற்பதுக்கும் மேற்பட்ட வெற்றிகளைக் கண்டவர். வானப்போர் நுணுக்கங்களை இந்திரலால் அவருக்குக் கீழ்ப் பறந்து பழகிக்கொண்டார். முதலில் தடுமாறிய மாணவன் நல்லாசிரியன் கையில் எவ்வாறு மலர்வான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்துப் போர் விமானம்

இந்திரலால் செலுத்திய விமானம் எஸ்.ஈ.5ஏ என்னும் வகையினது. சாந்தாக்குரூஸ் நிலையத்திலிருந்து நம் வீட்டு மாடிகளுக்கு மேலே இரைந்து செல்லும் விமானங்களைக் கண்டு பழகிய நம் பிள்ளைகளுக்கு அதன் அமைப்பை விளக்கினால் வியப்பர். மரச்சட்டங்களின்மீது துணி போர்த்தி, மெழுகுபோன்ற பூச்சுத் தடவி இறுக்கிய உடல். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். அவற்றை இணைக்கக் கம்புகளும் கம்பிகளும். ஏறத்தாழ 200 குதிரைத்திறன் கொண்ட எந்திரம். மணிக்கு ஏறக்குறைய 220 கிலோமீட்டர் வேகம். விமானி ஒருவரே, அவர் இருப்பிடத்துக்கு மேற்கூரை இல்லை. பல்லாயிரம் அடி உயரத்தில், உறையவைக்கும் குளிர்காற்று முகத்தில் அறைய அவர் அமர்ந்திருப்பார்.

துப்பாக்கிகள் இரண்டு. ஒன்று முன்புறத்தில், சுழலும் விசிறியின் இடைவெளியில் குண்டு பாயுமாறு எந்திரத்தோடு இணைக்கப்பெற்றது. மற்றொன்று மேலிறக்கையின்மீது பொருத்தப்பெற்றது; அதன் குண்டுத்தட்டு தீர்ந்தால், ஒரு கையால் விமானத்தைச் செலுத்திக்கொண்டே மறுகையால் அதை இறக்கி மாற்றுதல் வேண்டும். ஆங்கில விமானிகளுக்கு அப்போரில் பாரசூட் வழங்கப்பெறவில்லை. விமானத்தில் தீப்பிடித்தால் தப்ப வழியே இல்லை. இவை யாவற்றையும் அறிந்தே ஒவ்வொரு காலையும் அவ்விளைஞர்கள் ஏறி அமர்ந்தனர்.

பதினான்கு நாட்கள்

1918 ஜூலை 6ஆம் நாள், த்ரோக்கூர் என்னும் ஊருக்கருகே, ஹானோவர் வகை ஜெர்மானிய விமானம் ஒன்றை இந்திரலால் வீழ்த்தினார். அதுவே முதல் வெற்றி. ஹானோவர் இருவர் ஏறிச் செல்லும் விமானம். முன்னவர் செலுத்த, பின்னவர் துப்பாக்கியுடன் காவலிருப்பார். பின்னவருக்குச் சுடுமிடம் மறையாதிருக்கும் பொருட்டு அதன் வாற்பகுதியையும் தனியான முறையில் அமைத்திருந்தனர். ஆகவே அதைப் பின்னாலிருந்து நெருங்குதல் புலியின் வாலைப் பிடிப்பதை ஒக்கும்.

இரண்டு நாட்கள் கழித்து, ஜூலை 8ஆம் நாள், நான்கு மணி நேரத்துக்குள் மூன்று விமானங்களை வென்றார். 13ஆம் நாள் இரண்டு. 15ஆம் நாள் மேலும் இரண்டு. 15ஆம் நாள் வென்றவை இரண்டும் ஃபாக்கர் டி7 என்னும் வகையின. அன்றைய ஜெர்மானியப் போர் விமானங்களுள் தலைசிறந்தது அதுவே. போர் முடிந்து உடன்படிக்கை எழுதியபோது, ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய படைக்கலங்களின் பட்டியலில் அந்த விமானத்தின் பெயரைத் தனியே குறித்தனர் என்றால் அதன் ஆற்றல் விளங்கும். 18ஆம் நாள் ஒன்று. 19ஆம் நாள் ஒன்று. ஆகப் பத்து வெற்றிகள். அவற்றுள் இரண்டு, உடன் பறந்த தோழர்களோடு பங்கிட்டுக்கொண்டவை.

ஐந்து விமானங்களை வென்றவரைத் தனிச் சிறப்புடைய வீரராக வரிசைப்படுத்துதல் வானப்படைகளின் மரபு. முதல் உலகப்போரில் அவ்வரிசையில் இடம்பெற்ற இந்தியர் இந்திரலால் ஒருவரே. அவர் பறந்த மொத்த நேரமோ 170 மணிக்குச் சற்றே மிகுதி. அதாவது, ஏழு நாட்களையும் ஏழு இரவுகளையும் விட ஓரிரு மணி நேரமே கூடுதல்!

வெற்றியைப் பாடும்போது தோற்றவரையும் மறத்தல் ஆகாது. வீழ்ந்த விமானங்களில் இருந்தோரும் இளைஞர்களே. அவர்களுக்கும் வழிபார்த்திருந்த அன்னையர் உண்டு. போரின் கொடுமை அது. வீரத்தைப் போற்றும் நாம் போரைப் போற்றவில்லை என்பதை இவ்விடத்திற் கூறுதல் நம் கடமை.

இறுதி நாள்

1918 ஜூலை 22ஆம் நாள். கார்வாங் என்னும் ஊருக்கு மேலே ரோந்து சென்ற இந்திரலாலின் விமானத்தை ஃபாக்கர் டி7 விமானங்கள் எதிர்ப்பட்டன. கடும் போர் மூண்டது. அவருடைய விமானம் தீப்பற்றி, பகைவர் வசமிருந்த நிலத்திலே வீழ்ந்தது. பத்தாவது வெற்றி பெற்ற மூன்றாம் நாள் அவர் மறைந்தார்.

அந்த ஜூலை மாதம் வானவீரர்களைத் தேடித் தேடி உண்டது. 56ஆம் பிரிவின் புகழ்மிக்க மெக்கடன் 9ஆம் நாள் மாண்டார். 40ஆம் பிரிவில் முன்னர்ப் பணியாற்றிய பெருவீரர் மிக் மன்னாக் 26ஆம் நாள் வீழ்ந்தார். மாணவனை இழந்த ஆசான் மெக்கெல்ராய், சரியாக ஒன்பது நாட்கள் கழித்து, 31ஆம் நாள் மறைந்தார். நான்கு திங்களுக்குள், நவம்பர் 11ஆம் நாள், போரே முடிந்துவிட்டது.

விருது

1918ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வெளியான அரசிதழில், இந்திரலால் ராய்க்குச் சிறப்புமிகு பறத்தற் சிலுவை என்னும் விருது அறிவிக்கப்பெற்றது. ஆங்கிலத்தில் டி.எப்.சி. என்று சுருக்கமாக வழங்கும் இவ்விருது அவ்வாண்டு ஜூன் மாதத்திலேதான் நிறுவப்பெற்றது. பகைவரை எதிர்த்து வானிற் காட்டும் வீரத்துக்கு உரியது. இதைப் பெற்ற முதல் இந்தியர் இந்திரலால். அறிவிப்பு வந்தபோது அவர் மறைந்து இரண்டு திங்கள் ஆகியிருந்தன.

பதின்மூன்று நாட்களில் ஒன்பது விமானங்களை அவர் வீழ்த்தினார் என்றும், ஒரே ரோந்தில் இரண்டு விமானங்களை வீழ்த்தியதும் ஒருமுறைக்கு மேற்பட்டது என்றும், அவருடைய திறனும் துணிவும் வியக்கத்தக்கன என்றும் அவ்வறிவிப்புப் பாராட்டியது. ஒன்பது என்பது விருதுக் குறிப்பின் கணக்கு. பத்து என்பது பின்னர் வரலாற்றாசிரியர்கள் கண்ட கணக்கு.

யாருக்காகப் பொருதார்?

இனி நம்மிற் சிலர் மனத்தில் எழும் ஒரு கேள்வியை ஒளியாமல் எதிர்நோக்குவோம். நம்மை அடிமை கொண்டிருந்த அரசின் கொடியின் கீழ்ப் பொருது மாண்டவரை நாம் ஏன் போற்றுதல் வேண்டும்?

அப்போரில் பணியாற்றப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்தனர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. உயிரைக் கொடுத்தால் உரிமை கிட்டும் என்று நம் தலைவர்கள் பலர் நம்பினர். கிடைத்தது யாது? இந்திரலால் மறைந்து ஒன்பது திங்கள் நிறைவதற்கு முன்னரே, 1919 ஏப்ரல் 13ஆம் நாள், அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாக்கில் ஆயுதமற்ற மக்களைச் சுட்டுக் கொன்றனர். நன்றி மறந்த செயல் என்று மட்டும் இதைக் கூறி அமைய இயலாது. இந்தியர் உயிரின் விலை அன்று என்னவாக மதிக்கப்பெற்றது என்பதை அது காட்டிற்று.

எனினும் அரசின் பிழையைப் படைவீரன் தலையிற் சுமத்துதல் முறையன்று. இந்தியன் காலாளாகக் கட்டளைக்குப் பணிவான். எந்திரத்தை ஆளவும் தலைமை தாங்கவும் அவனால் ஆகாது என்பது அந்நாளைய ஆட்சியாளர் பலரின் எண்ணம். அந்த எண்ணத்தை மேடைப் பேச்சால் மறுத்தோர் பலர். இந்திரலால் வானத்தில் எழுதிக் காட்டி மறுத்தார். பின்னாளில் இந்தியர் விமானம் ஓட்டலாமா என்னும் வினா எழுந்தபோது, விடை முன்னரே தரப்பட்டுவிட்டிருந்தது.

உடன் பறந்த இந்தியர்

அவர் தனியர் அல்லர். சீக்கிய வீரர் ஹர்தித் சிங் மாலிக் தலைப்பாகையைக் களைய மறுத்து, அதன்மீது பொருந்தும் தலைக்கவசம் செய்வித்து அணிந்து பறந்தார். காயமுற்றும் பிழைத்து, விடுதலைக்குப் பின் நம் நாட்டின் தூதராகப் பணியாற்றி, 1985 வரை வாழ்ந்தார். எரல் சந்தர் சென் பகைவரிடம் சிறைப்பட்டார்.

நான்காமவரைப் பற்றி மும்பையில் வாழும் நாம் சிறப்பாக அறிதல் வேண்டும். ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர் நம் பம்பாயைச் சேர்ந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர். 23ஆம் பிரிவில் டால்பின் வகை விமானம் ஓட்டி, 1918 ஜூன் இறுதியில் பிரான்சில் சுடப்பட்டு வீழ்ந்து, காயங்களால் இறந்தார். ஹாங்கார் என்னும் ஊரின் இடுகாட்டில் துயில்கின்றார். வெற்றிப் பட்டியல் இல்லாமையால் அவர் பெயர் பலர் நாவிலும் வழங்குவதில்லை. இந்திரலாலைப் போற்றும் கையோடு அவரையும் வணங்குகின்றோம்.

இவர்கள் இட்ட வித்து பதினான்கு ஆண்டுகளில் முளைத்தது. 1932 அக்டோபர் 8ஆம் நாள் இந்திய விமானப்படை நிறுவப்பெற்றது. அதற்கு ஒரு வாரம் கழித்து, 15ஆம் நாள், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் மூட்டைகளுடன் நம் ஜுஹூவில் வந்திறங்கினார். அந்த அஞ்சல் பின்னர்ச் சென்னை வரை சென்றது. ஊரிலிருந்து வரும் கடிதத்துக்காக நாட்கணக்கிற் காத்திருந்த பம்பாய்த் தமிழர்க்கு வானம் ஒரு வழியாகத் திறந்தது அன்றைக்கே. 1954 ஏப்ரல் முதல் நாள், சுப்ரதோ முகர்ஜி இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைவரானார்.

அயல் மண்ணில் ஒரு நடுகல்

இந்திரலாலின் உடல் பிரான்சில் எஸ்தவெல் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் அடங்கியுள்ளது. கல்கத்தாவின் பவானிப்பூர் பகுதியில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பிறந்த நூற்றாண்டையொட்டி 1998 டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது அவருடைய கல்லறைக் கல்லே. அக்கல்லில் பிரெஞ்சு மொழியோடு வங்க மொழியும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. மாவீரன் ஒருவனின் உறைவிடம் இது, மதிப்போடு நில், கையால் தொடாதே என்னும் கருத்துப்பட அவ்வங்க எழுத்துகள் வழிப்போக்கரிடம் பேசுகின்றன. அச்சிற்றூரில் அவற்றைப் படித்தறிவார் எத்தனை பேர்? ஒருவரும் இல்லாமலிருக்கலாம். இருந்தும் அவை அங்கே இருக்கின்றன. இலண்டனில் வளர்ந்து, ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, ஆங்கிலப் படையிற் பொருது, பிரெஞ்சு மண்ணில் வீழ்ந்த இளைஞன், இறுதியில் தாய்மொழியின் நிழலில் உறங்குகின்றான்.

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, பெயரும் பீடும் எழுதி நட்டு வழிபடும் நடுகல் மரபை நம் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கின்றது. புறநானூற்றுத் தாய் ஒருத்தி, தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னரும், ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்பினாள் என்று ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். எஸ்தவெல் ஊரின் கல்லும் நடுகல்லே. அதன் எழுத்து வங்கம். அதன் பொருள் தமிழரும் நன்கறிந்தது.

நம் பிள்ளைகளுக்கு

மும்பையில் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். தாராவியில் தோல் பதனிட வந்தவர் பேரனும், மாதுங்காவில் எழுத்தராகக் குடியேறியவர் பேத்தியும், செம்பூர்க் காலனியில் பிறந்த குழந்தையும், தாம் எவ்வூரார் என்று ஒருநாள் கேட்கத்தான் செய்வர். வாழும் ஊருக்கு உழைப்பையும் துணிவையும் குறைவறக் கொடு. பிறந்த மொழியை நெஞ்சில் வை. இரண்டுக்கும் பகை இல்லை என்று அவர்களுக்கு நாம் விடை சொல்லலாம். அவ்விடைக்குச் சான்றாக இந்திரலால் ராயின் வரலாற்றையும் எடுத்துக் கூறலாம்.

தேர்வில் ஒருமுறை தவறினால் உலகமே இருண்டது என்று மயங்கும் மாணவர்க்கு, இருமுறை தகுதியற்றவர் என்று தள்ளப்பெற்றும் இருமுறையும் மீண்டெழுந்த இவ்வீரரின் கதையைப் பெற்றோர் சொல்லுக. வான்படையில் சேர விரும்பும் இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் அச்சம் காட்டித் தடுக்காமல் வழி காட்டுக. எந்தப் பிள்ளையும் பத்தொன்பது வயதில் மாள வேண்டாத அமைதி உலகில் நிலவ வேண்டும் என்று வேண்டுவோம். அவ்வமைதிக்குக் காவல் நிற்பவர் நம் இல்லங்களிலிருந்தும் தோன்றுக என்றும் வேண்டுவோம்.

வீரர் புகழ் ஓங்குக! நம் சங்கம் வாழ்க!